கண்ணாடித் தொட்டியும் கருணையும்

பதுளை நகரில் ஆசிரியத் தொழில் புரியும் இளம் நண்பரொருவர் அண்மையில் கண்ணாடித் தொட்டியொன்றிலே அக்ஸலோட்டல் வளர்க்கத் தொடங்கினார். சலமந்தர் இனத்தைச் சேர்ந்த இந்த ஈரூடகவாழி மெக்சிக்கோ நாட்டுச் சொச்சிமில்கோ ஏரிக்கு உரியது. தாயகத்தில் அஃது அழிவின் விளிம்பில் நிற்கிறது. உலகெங்கும் வளர்ப்போர் தொட்டிகளிலோ பெருகிக் கிடக்கிறது. இலங்கையின் காடுகளில் சலமந்தர் எதுவும் இயற்கையாக வாழ்வதில்லை.

செய்தி அறிந்த தோழர்கள் சிலர் நகைத்தனர். “லயத்துப் பிள்ளைக்கு நல்ல குடிநீர் இல்லை, தொட்டிப் பிராணிக்குக் குளிர்ந்த நீரா?” என்று வினவினர். இக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை.

நண்பரின் தொடக்க நாட்களைப் பார்ப்போம். அவர் அன்பு மிகுதியால் அதனைக் கையில் எடுத்தார். வெயில் விழும் சன்னலருகே தொட்டியை வைத்தார். இரண்டும் அதற்குத் துன்பமாயின. அதன் மெல்லிய தோல் மனிதக் கையின் சூட்டையும் உராய்வையும் தாங்காது. அது நலமுடன் வாழ 16 முதல் 18 பாகை வரையான வெப்பநிலை வேண்டும். அப்புத்தளையின் குளிர் பதுளையின் நண்பகலில் இல்லை. குழாய்நீரின் குளோரீனை நீக்கவேண்டும். கழிவிலிருந்து எழும் அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்கள் தொட்டியில் நிலைபெறப் பல வாரங்கள் செல்லும். அதன் பின்னரே பிராணியை விடுதல் தகும். நண்பர் இவற்றையெல்லாம் பிந்தியே கற்றார். அன்பு என்பது நம் நெஞ்சு நெகிழ்வதன்று, பிற உயிர் வாழ்வதற்கான நிலைமைகளை அறிந்து அமைப்பதே என்பதை அத்தொட்டி அவருக்கு உணர்த்தியது.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. நீர், உணவு, வெப்பம் யாவற்றையும் பிறரொருவர் அளந்து கொடுக்கும் வாழ்வை ஊவாத் தோட்டங்கள் நன்கறியும். பத்தடி அறையும் அரிசியும் மருந்தும் அளித்து, “பிள்ளைகளைப்போல் பேணினோம்” என்று பெருமை பேசிய துரைமார் இருந்தனர். அப்பிள்ளைகளின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமோ 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என அவர்களைக் கேளாமலே பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. பேசவல்ல மனிதனைப் பேசாப் பிராணியாக நடத்தும் கருணை எத்துணை இனிதாயினும் அநீதியே. தொழிலாளிக்கு வேண்டியது பராமரிப்பன்று; தன் வாழ்வின் நிலைமைகளைத் தானே தீர்மானிக்கும் உரிமை.

அவ்வாறாயின் அக்ஸலோட்டலையும் ஓடையில் விட்டு விடுதலை செய்யலாமா? கூடாது. வளர்ப்புப் பிராணி வாணிகத்தோடு ஆசியாவிலிருந்து பரவியதாகக் கருதப்படும் ஒரு பூஞ்சணம் நெதர்லாந்தின் சலமந்தர்களைக் கூட்டங்கூட்டமாக மாய்த்ததை 2013ஆம் ஆண்டு அறிஞர் வெளிப்படுத்தினர். கோப்பிக்கும் தேயிலைக்கும் காடழித்த நம் மலைநாட்டில் பல தவளையினங்கள் ஏற்கெனவே மறைந்துவிட்டன. எஞ்சியவற்றுக்கு அந்நிய நோயைக் கொடுக்க நமக்கு உரிமையில்லை. எனவே அப்பிராணியை வாங்கியவர் பத்தாண்டுகளுக்கு மேலும் நீளக்கூடிய கடனை ஏற்றவராகிறார். வாங்குமுன் சிந்திப்பதே மேல். வாங்கியபின் கைகழுவுதல் தகாது.

தோழர்களின் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். தொட்டியின் நீர் லயத்து நீரைக் கவர்ந்ததன்று. ஆயின் தொட்டிநீரின் நைத்திரேற்றை வாரந்தோறும் அளப்பவர், உரமிட்ட தேயிலைச் சரிவின் கீழே மக்கள் பருகும் பீலிநீரை ஒருமுறையேனும் அளந்து பாராதிருந்தால், அவரது அன்பு கண்ணாடிச் சுவரோடு நின்றுவிட்டது என்போம். நண்பரே, உமது மாணவர்களுடன் அப்பீலிக்குச் செல்க. அளந்து கண்டதை அந்நீரைப் பருகும் மக்களின் கையிலேயே கொடுக்க. நல்ல நீரைக் கேட்டுப் பெறும் குரல் அவர்களுக்கு உண்டு.