சர்க்கரையை அளக்காத வரி

சர்க்கரை நோய் வந்தவரைப் பார்த்ததும் "வாயைக் கட்டியிருந்தால் இது வந்திருக்குமா?" என்று கேட்பது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. நோயோடு பழியையும் சேர்த்து அவர் தலையில் ஏற்றுகிற கேள்வி அது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. இத்தனை கோடிப் பேரும் ஒரே தலைமுறையில் மன உறுதியை இழந்துவிட்டார்கள் என்று நம்புவது கடினம். மரபுக் கூறு, உடலுழைப்புக் குறைவு, பட்டை தீட்டிய அரிசி என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் அவற்றோடு, தெருமுனைப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவற்றில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை, என்ன எண்ணெய் என்பதைத் தீர்மானிப்பவர் தின்பவர் அல்லர். தீர்மானிக்காதவரிடம் முழுப் பொறுப்பையும் சுமத்துவது அறமாகுமா என்பதுதான் கேள்வி.

இதற்குப் பிரிட்டனின் அனுபவம் தெளிவான விடை தருகிறது. இனிப்பூட்டிய குளிர்பானங்களுக்கு வரி வரும் என்று அந்நாட்டு அரசு 2016 மார்ச்சில் அறிவித்தது. வரி நடைமுறைக்கு வந்தது 2018 ஏப்ரலில். தொடக்க விதியின்படி, 100 மில்லியில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் வரியே இல்லை; 5 முதல் 8 கிராம் வரை லிட்டருக்கு 18 பென்ஸ்; அதற்கு மேல் 24 பென்ஸ். இடையில் கிடைத்த இரண்டு ஆண்டுகளில் நிறுவனங்கள் தங்கள் கலவையை மாற்றின. முதலில் ஆண்டுக்கு 52 கோடி பவுண்டு வரும் என்று கணக்கிட்டிருந்த கருவூலம், வரி தொடங்கும் வேளையில் அதை 24 கோடியாகக் குறைத்துக்கொண்டது. வசூல் குறைந்ததே அந்த வரியின் வெற்றி. 2015க்கும் 2020க்கும் இடையில் அவ்வரிக்குரிய பானங்களில் சர்க்கரையின் அளவு 46 சதவீதம் குறைந்தது. அதே ஐந்தாண்டுகளில் பிஸ்கட், கேக், சாக்லேட் போன்றவற்றில் 20 சதவீதச் சர்க்கரையைத் தாமாகவே குறைக்குமாறு அரசு தொழில்துறையைக் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே கிடைத்தது மொத்தத்தில் 3.5 சதவீதம் மட்டுமே. நாடும் மக்களும் காலமும் ஒன்றே. வேண்டுகோளுக்கும் சட்டத்துக்கும் இடையிலான தூரம் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

இதைக் கொண்டு உணவுத் தொழிலில் இருப்பவர்களை நெஞ்சில் ஈரமற்றவர்கள் என்று முடிவுகட்டுவது சரியல்ல. ஒரு நிறுவனம் நல்லெண்ணத்தோடு தன் பிஸ்கட்டில் இனிப்பைக் குறைத்தால், குறைக்காத பக்கத்து நிறுவனம் அதன் வாடிக்கையாளரை அள்ளிக்கொண்டு போகும். நல்லவன் நட்டப்படுகிற சந்தையில் நல்லெண்ணம் நெடுநாள் தாங்காது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு கோடு கிழிக்கும்போதுதான் செய்ய விரும்புகிறவருக்கும் வழி திறக்கிறது. எண்ணெய், வனஸ்பதி போன்றவற்றில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. அதற்காக பேக்கரியில் பப்ஸ் வாங்குகிற எவரும் புதிதாக எந்த வைராக்கியத்தையும் வளர்த்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது சுதந்திரம் பற்றியது. என் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்ல அரசு யார்? இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. டென்மார்க் 2011இல் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த எல்லாவற்றுக்கும், வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் உட்பட, வரி போட்டது. மக்கள் எல்லை தாண்டி ஜெர்மனியில் போய் வாங்கினார்கள். பதினைந்தே மாதங்களில் அந்த வரி கைவிடப்பட்டது. வீட்டு அடுக்களைக்குள் நுழைகிற சட்டத்தை மக்கள் ஏற்பதில்லை, ஏற்க வேண்டியதுமில்லை. ஆனால் ஆலையில் என்ன கலக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அங்கே அரசு தலையிடும்போது தின்பவரின் சுதந்திரம் சுருங்குவதில்லை. சிலியில் 2016 முதல், சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி மிகுந்த பொருள்களின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம். குழந்தைகளைக் கவரும் கார்ட்டூன் உருவங்கள் அத்தகைய உறைகளிலிருந்து நீக்கப்பட்டன. அந்த முத்திரை எந்தப் பொருளையும் கடையை விட்டு விரட்டவில்லை. மறைந்திருந்த உண்மை மட்டும் முன்னால் வந்தது. அதன்பின் இனிப்புப் பானங்கள் வாங்குவது ஏறத்தாழ 24 சதவீதம் குறைந்தது. தெரிந்து தேர்ந்தெடுப்பதுதான் சுதந்திரம் என்றால், அதை அந்த முத்திரை கூட்டியிருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத வயதில் பொம்மையைப் பார்த்துக் கைநீட்டும் குழந்தையின் விஷயத்தில் தேர்வுரிமை என்ற சொல்லே பொருந்தாது.

இன்னொரு எதிர்வாதம் ஏழைகளைப் பற்றியது. மனத்தை அதிகம் தொடுவதும் அதுதான். நாள் முழுக்க உழைப்பவருக்குக் கிடைக்கும் மலிவான சின்னச் சந்தோஷத்துக்கும் வரியா? மலிவான மாற்று எதையும் தராமல் விலையை மட்டும் ஏற்றினால் அது அநீதி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நோய் வந்தால் மருந்துச் செலவும் கூலி இழப்பும் சேர்ந்து முதலில் நொடிவது அதே உழைப்பாளியின் குடும்பம்தானே? ஆகவே வரியால் மட்டும் கடமை முடிவதில்லை. தமிழக ரேஷன் கடை இலவசமாகத் தருவது அரிசி; மலிவாகத் தருவது சர்க்கரை, பாமாயில், துவரம் பருப்பு. இதில் பருப்புத் தருவது நல்ல செயல். சர்க்கரையைக் குறை என்று சொல்லும் அதே அரசு அதைச் சலுகை விலையில் அளந்து போடுவதையும் நேர்மையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தரத் தொடங்கியதும், 2022இல் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டத்தில் காய்கறிச் சாம்பார் இடம்பெற்றதும் சரியான திசையில் வைத்த அடிகள். நல்ல உணவை அருகிலும் மலிவிலும் கொண்டுவந்த பிறகுதான் கெட்டதைத் தவிர்க்கச் சொல்லும் தகுதி அரசுக்கு வருகிறது.

இந்தியாவிலும் குளிர்பானத்துக்கு வரி உண்டு, அதுவும் கடுமையானதே. 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பின் வாயு ஏற்றிய பானங்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். ஆனால் சர்க்கரை வழிய வழிய இருந்தாலும், துளியும் இல்லாவிட்டாலும் வரி ஒன்றேதான். கலவையை மாற்றுகிற நிறுவனத்துக்கு இதில் ஒரு பைசா லாபமில்லை. அதே மாற்றத்தில், வாயு ஏற்றாத பழச்சாறு பானங்களின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது. சர்க்கரை சேர்த்த மாம்பழப் பானங்களும் அதில் அடங்கும். நம் வரி குமிழியைப் பார்க்கிறது, இனிப்பைப் பார்ப்பதில்லை. உறையின் முகப்பில் நட்சத்திரம் போடுவதா, எச்சரிக்கை போடுவதா என்ற விவாதமும் 2022இல் வரைவு விதி வெளியானதிலிருந்து ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போனது. பிரிட்டன் செய்ததைச் செய்ய இங்கே புதிய வரி தேவையில்லை; இருக்கிற வரியைச் சர்க்கரையின் கிராம் கணக்கில் படிப்படியாக வகுத்து, இரண்டாண்டு அவகாசம் கொடுத்தால் போதும். ஜிஎஸ்டி கவுன்சில் அடுத்து கூடும்போது இதை எடுத்துக்கொள்ளட்டும்.