யாருக்குத் தெரியும்?

ஒரு காரியத்தைச் செய்துகொண்டே வருகிறோம். நடுவில் ஒரு சிறு குறை நேர்ந்துவிடுகிறது. வெளியே தெரியாத இடம். ‘யாருக்குத் தெரியும்?’ என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டு மேலே போய்விடுகிறோம். உலகத்தில் பாதி வேலைகள் இந்தக் கேள்வியின் தயவில்தான் முடிகின்றனவோ என்று எனக்கு வெகு நாளாக ஒரு சந்தேகம். என் தொழிலும் இதற்கு விலக்கல்ல. இந்தக் கேள்விக்கு ஒரு பதில் உண்டு என்று எனக்குச் சொன்னவர் ஓர் இலக்கியவாதி அல்ல. கலிபோர்னியாவில் ஒரு கார் கொட்டகையில் லேத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த ஒரு கிழவர்.

அங்கே ஒரு நண்பர் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். கிழவர் பக்கத்து வீட்டுக்காரர். டர்னராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன லேத்தையும் ஒரு டிரில்லிங் யந்திரத்தையும் வைத்துக்கொண்டு, தமக்கென்று ஒரு பெடல் ஸ்டீல் கிதார் செய்துகொண்டிருந்தார்.

அந்த வாத்தியத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மேஜையைப் போலக் கால்கள் மேல் நிற்கும். பெரும்பாலும் பத்துத் தந்திகள். நம் கோட்டுவாத்தியத்தில் கட்டையைத் தந்தி மேல் வழுக்கிக்கொண்டு போவார்கள் அல்லவா? அதுபோல இதில் இடது கை ஓர் எஃகு உருளையை நகர்த்தும். ஹவாய்த் தீவிலிருந்து வந்த வழக்கம் அது. அமெரிக்கர்கள் அதோடு காலுக்கும் வேலை கொடுத்தார்கள். மிதிகட்டையை அழுத்தினால், கீழேயுள்ள கம்பிகள் இழுபட்டு, தந்தியின் முனையில் ‘விரல்’ என்று பெயர் பெற்ற ஓர் உலோகத் துண்டைச் சுழற்றும். தந்தி இறுகும், சுரம் ஏறும். காலை எடுத்தால் பழைய சுரத்துக்கு இறங்க வேண்டும்.

இந்த வாத்தியத்துக்கு உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பால் பிக்ஸ்பி. மோட்டார் சைக்கிள் தொழிலில் கை பழகிய மனிதர். 1948-இல் ஸ்பீடி வெஸ்ட் என்ற வாத்தியக்காரருக்கு ஒன்று செய்து கொடுத்தார். அவர் செய்த இன்னொன்றை வைத்துக்கொண்டுதான் பட் ஐசக்ஸ், 1954-இல் வெளிவந்த ‘ஸ்லோலி’ என்ற பாட்டில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதிகட்டையை அழுத்தி, சுரம் உருகி நழுவுவது போல வாசித்தார். அதைக் கேட்ட வாத்தியக்காரர்கள் மிதிகட்டைக்கு அலைந்தார்கள். பொறுக்க முடியாதவர்கள் தாங்களே பொருத்திக்கொண்டார்கள். நம் கிழவர் அந்தப் பரம்பரை.

அவர் அலுமினியத் தகட்டில் பத்து விரல்கள் அறுத்திருந்தார். பத்தையும் அடுக்கி இறுக்கி, ஒரே மூச்சில் துளையிட்டு, ரீமர் விட்டுத் துளையைச் சீராக்கியிருந்தார். எல்லாம் ஓர் எஃகு அச்சில் கோக்கப்பட வேண்டியவை. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், அந்தப் பத்தையும் பழைய தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். துளை, தாம் நினைத்ததைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு பெரிதாகிவிட்டது என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உள்ளே மறைந்துபோகிற சமாசாரம்தானே? யாருக்குத் தெரியும்?” என்றேன்.

அவர் பதில் பேசவில்லை. மூலையில் கிடந்த, முன்பு செய்து தோற்றுப்போன ஒரு கிதாரை இழுத்து வைத்து, ஒரு தந்தியை மீட்டி மிதிகட்டையை அழுத்தினார். சுரம் ஏறியது, அழகாகவே ஏறியது. காலை எடுத்தார். இறங்கியது. ஆனால் வீட்டுக்குள் வரவில்லை, வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

“ஏறுவதை எந்த யந்திரமும் செய்யும். புறப்பட்ட இடத்துக்குத் திரும்புகிறதா என்பதுதான் கேள்வி” என்றார்.

கணக்கும் சொன்னார். ஒரு முழுச் சுரம் ஏறுவதற்குத் தந்தியின் முனை ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. ஆயிரத்தில் இரண்டு அங்குலம் என்றால் 0.05 மில்லிமீட்டர். விரல் அச்சின் மேல் அந்த அளவு தள்ளாடினால், மொத்த நகர்வில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது. காது அதை மன்னிக்காது.

“அப்படியானால் இடைவெளியே இல்லாமல் செய்துவிடுங்களேன்” என்றேன், விடாமல்.

“செய்தால் விரல் அச்சைக் கவ்விக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடும். இடைவெளி வேண்டும். ஆனால் அது நான் அளந்து விட்ட இடைவெளியாக இருக்க வேண்டும்.”

நான் கடைசியாக ஒன்று கேட்டேன்: “நீங்களே செய்து நீங்களே வாசிக்கப் போகிறீர்கள். வேறு யார் கேட்கப் போகிறார்கள்?”

அவர் சற்று நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “துளையை மறந்துவிடுவேன். ஒரு வருஷம் கழித்துச் சுரம் சேராதபோது, என் காதைச் சந்தேகிப்பேன். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்” என்றார்.

இந்த வார்த்தை என்னைச் சுட்டது. சுட்டதற்குக் காரணம் உண்டு.

பல வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினேன். அதில் ஒரு கணக்குப்பிள்ளை. அவரை என்ன செய்வதென்று தெரியாமல், காய்ச்சல் வரவழைத்து மூன்று வரியில் கொன்றுவிட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை, பாராட்டுக் கடிதங்கள் வந்தன. கடைசி அத்தியாயத்தில் அவருடைய மகள் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்து அழுவாள். ஒரு வயசான அம்மாள் எழுதியிருந்தார்: ‘எல்லாரும் அழுததாகச் சொல்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. என் மனசு மரத்துப் போய்விட்டதோ என்னவோ.’

அந்த அம்மாளின் மனசில் பழுது இல்லை. என் மூன்று வரியில் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், ஆறுதலாக ஏதோ எழுதிப் போட்டுவிட்டேன்.

‘யாருக்குத் தெரியும்?’ என்பதற்குப் பதில் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். குறை எங்கே இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாமல் போகலாம். ஆனால் அதன் பலனை யாராவது ஒருவர் அனுபவித்தே தீருவார். காரணம் தெரியாததனால், அவர் தம்மையே நொந்துகொள்வார். மறைத்த குறை மறைந்துபோவதில்லை; பழி மட்டும் இடம் மாறி, குற்றமற்றவர் தலையில் உட்கார்ந்துகொள்கிறது. மறைப்பதில் உள்ள பாவம் அதுதான்.

நான் ஊர் திரும்பும்போது கிழவர் மறுபடி பத்து விரல்கள் அறுத்து முடித்திருந்தார். நானும் கதையின் அடுத்த பதிப்புக்காக அந்தக் கணக்குப்பிள்ளையின் மரணத்தைத் திரும்ப எழுதினேன். மூன்று வரி, பதினொரு பக்கமாயிற்று. பழைய கடிதத்தைத் தேடி எடுத்து, அந்த அம்மாளுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். ‘பிழை என்னுடையது’ என்று இரண்டு சொல் முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

பதில் வரவில்லை. வருவதற்கு வெகு காலம் கடந்துவிட்டதோ என்னவோ.