வேட்டுவர் இல்லத்தில் வெகுளாமை

சினம் கொள்ளாமல் குழந்தைகளை வளர்க்க இயலுமா? கண்டிப்பு இல்லையேல் பிள்ளை கெட்டுவிடும் என்பதே பெற்றோர் பலரின் விடை. இயலும் என வாழ்ந்து காட்டிய மக்களைப் பற்றி ஈண்டுச் சிந்திப்போம்.

கனடாவின் வடகோடியில், பயிர் விளையாத பனிநிலத்தில் வாழ்பவர்கள் இனுயிட் மக்கள். அவர்களுள் உட்கு எனப்படும் சிறு குழுவினரிடையே, ஜீன் பிரிக்ஸ் என்னும் மானிடவியல் அறிஞர் 1963இல் சென்று, ஒரு குடும்பத்தின் வளர்ப்பு மகளாக ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தங்கினார். தாம் கண்டவற்றை 1970இல் நூலாக வெளியிட்டார்.

குழந்தை அடம்பிடித்து அழுதாலும், கையோங்கி அடித்தாலும், அங்கே பெரியவர்கள் குரலை உயர்த்துவதில்லை. சிந்தனை, நிதானம், நன்னடத்தை யாவும் 'இஹுமா' என்னும் அறிவிலிருந்து தோன்றுவன என்பது அவர்கள் கருத்து. சிறு குழந்தையிடம் அவ்வறிவு இன்னும் வளரவில்லை. வளராததை எதிர்பார்த்துக் கோபிப்பதில் பயன் என்ன? கோபிக்கும் பெரியவரே குழந்தையாகிவிட்டார் என்று அவர்கள் எண்ணினர்.

அங்ஙனமாயின் குழந்தையைத் திருத்துவது எவ்வாறு? மனம் அமைதியுற்றபின், விளையாட்டாகவே திருத்துவர். அடிக்கும் பழக்கமுள்ள குழந்தையிடம், "எங்கே, என்னை அடி பார்க்கலாம்" என்பாள் தாய். அடி விழுந்ததும், "வலிக்கிறதே! என்னைப் பிடிக்கவில்லையா?" என்று விளையாட்டாகவே கேட்பாள். தன் செயலின் விளைவைக் குழந்தை தானே எண்ணிப் பார்க்கும்.

மீனையும் மானையும் கொன்று உண்போரிடம் அகிம்சை நெறியினராகிய நாம் கற்பதற்கு என்ன உண்டு என்னும் ஐயம் இங்கே எழக்கூடும். அவர்தம் உணவு நம் நெறிக்கு ஏற்றதன்று. ஆயினும், மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் தீங்கு செய்யாமையே அகிம்சை என்பதை நாம் அறிவோம். நீரை வடிகட்டிப் பருகி, இரவுணவையும் தவிர்க்கும் ஓர் இல்லத்தில், பாலைச் சிந்திய குழந்தையின் முதுகில் அறை விழுமாயின், ஓரறிவுயிருக்குக் காட்டும் பரிவு பெற்ற பிள்ளைக்கு மறுக்கப்படுகிறதன்றோ?

திருக்குறளில் வெகுளாமை துறவறவியலில் அமைந்துள்ளது. அதனால் அது முனிவர்க்கு மட்டுமே உரியது என இல்லறத்தார் ஒதுக்கிவிடலாகாது. உட்கு மக்கள் அதனைத் தாய் தந்தையரின் முதற்கடமையாகவே கொண்டனர்.

அவர்கள் செய்வன அனைத்தையும் நாம் ஏற்க வேண்டுவதில்லை. பிள்ளைகள் கடலோரம் செல்லாதிருக்க, நீருக்குள் இழுத்துச் செல்லும் பூதத்தைப் பற்றி இனுயிட் பெரியோர் கதை கூறுவர். நம்மவர் காட்டும் பூச்சாண்டியும் அத்தகையதே. அச்சுறுத்தும் பொய் வாய்மை விரதத்திற்குப் பொருந்தாது; அதை விடுத்து, நல்லதைக் கொள்வோம்.

நான்கு கஷாயங்களுள் முதலில் எண்ணப்படுவது குரோதம். சினந்து அடக்கப்பட்ட குழந்தை முதலில் கற்பதும் அச்சினத்தையே. ஆகவே, பிள்ளை தவறு செய்யும் வேளையில் சற்றே வாய்மூடி இருப்போம். நம் சினம் தணிந்தபின் சொல்லித் தருவோமாக!