வல்லுநரும் ஊரவரும்

நாடுவிட்டு நாடு சென்று நகரங்களைத் திட்டமிடுவதும், உள்ளூராட்சி மன்றங்களின் ஆற்றலை வளர்ப்பதும் இன்று தனித்தொழிலாகிவிட்டன. அத்தொழிலில் ஈடுபடுவோரின் கல்வியையோ நல்லெண்ணத்தையோ ஐயுறுவதற்கில்லை. ஆயினும் அறஞ்சார்ந்த வினா ஒன்று எஞ்சிநிற்கின்றது: ஓர் ஊருக்கு நன்மை எதுவெனத் தீர்மானிக்கும் உரிமையை அறிவு மட்டும் ஒருவருக்கு அளித்துவிடுமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநீர்ப் பிரச்சினை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இங்கு வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கற் பாறையில் தேங்கும் மழைநீரே கிணறுகளை ஊட்டுகின்றது. அந்நீரிற் பல இடங்களில் உவரேறியது. உரங்களின் நைத்திரேற்றும் கலந்தது. எனவே, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு 2010 இல் வகுக்கப்பட்ட திட்டம், கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் கொணரக் கருதியது. குளத்தை மேம்படுத்தினால் இருசாராருக்கும் நீர் போதும் என்பது திட்டத்தின் கணக்கு. அக்குளத்தை நம்பி வாழ்ந்த கமக்காரரோ அதனை ஏற்கவில்லை. ஈற்றில் கடல்நீரை நன்னீராக்கும் வழி நாடப்பட்டது. தாளையடி நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. அதற்கும் மீனவரிடையே எதிர்ப்பு எழுந்திருந்தது.

தாகத்தினும் பயிர் பெரிதோ, கமக்காரரின் மறுப்புத் தன்னலமன்றோ எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் கணக்குப் பிழைத்தால் வல்லுநருக்கு நேர்வது ஓர் அறிக்கையின் திருத்தம். கமக்காரருக்கு நேர்வது ஒரு போகத்தின் இழப்பு. இழப்பைச் சுமப்போரின் இசைவைக் கணக்கிலிருந்து பெறமுடியாது. அவர்களிடமே கேட்டுப் பெறவேண்டும்.

இதனால் ஊரவர் சொல்வதெல்லாம் அறமாகிவிடாது. முறைவைத்து நீரிறைக்கும் பங்குக் கிணறுகளை வகுத்த இதே சமூகம், சாதியின் பெயரால் மனிதர் பலரைக் கிணற்றடியிலிருந்து விலக்கியும் வைத்தது. உள்ளிருப்போர் காண மறுக்கும் அநீதியை வெளியிலிருந்து வருபவர் காணக்கூடும். கண்டதை உரைப்பது அவர் கடமை. முடிவைத் தாமே செய்வது அவர் உரிமையன்று.

ஆற்றல் வளர்ப்பு என்பதன் பொருளும் இங்கேயே தெளிவாகின்றது. இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. தேர்தலோ 2025 மேயிலேயே நடந்தது. இடைப்பட்ட ஈராண்டுகளும் நிருவாகம் அலுவலர் கையில் இருந்தது. வரவுசெலவுத் திட்டம் வரையவும் வரி அறவிடவும் அலுவலருக்குப் பயிற்சியளிக்கலாம். மக்களுக்குப் பதில்சொல்லும் கடப்பாட்டை எப்பயிற்சியும் தருவதில்லை. அது மக்களின் வாக்கிலேயே பிறக்கின்றது.

ஆகவே வல்லுநர் ஒருவரின் பணியை, அவர் விட்டுச்சென்ற கட்டடங்களைக் கொண்டு அளத்தல் போதாது. அவர் சென்றபின், ஊரவர் தம்முள் வாதிட்டுத் தாமே முடிவெடுக்க வல்லராயினரா என்பதே உரைகல்லாகும்.