நாதம் இருப்பது எங்கே?

நான் பிக் பிடிப்பதில்லை, விரல்களால்தான் வாசிக்கிறேன். அதனால் சிடார் மேல்பலகை கொண்ட கிதாரைத் தேடினேன். மெல்லத் தொட்டாலே சிடார் பேசும். ஓங்கி ஸ்ட்ரம் செய்பவர்களுக்கு ஸ்ப்ரூஸ் பொருந்தும். இதுவரை சிக்கலில்லை. பக்கங்களுக்குப் பிரேசில் ரோஸ்வுட் வேண்டும் என்று மனம் கேட்டபோதுதான் கேள்வி மாறியது. அழியும் நிலையிலுள்ள அந்த மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1992 முதல் கடும் தடை இருக்கிறது. என் காதின் இன்பத்துக்காக அதன் உயிரைக் கேட்க எனக்கு என்ன உரிமை?

பக்கங்களுக்கு அந்த மரம் அவசியம்தானா? 1862-இல் ஸ்பெயினில் அந்தோனியோ தே தோரெஸ் என்ற கிதார்க் கைவினைஞர் ஒரு கிதார் செய்தார். பின்புறமும் பக்கங்களும் காகித அட்டை. மேல்பலகை மட்டும் ஸ்ப்ரூஸ். நாதம் பெரும்பாலும் மேல்பலகையில்தான் பிறக்கிறது என்பதற்கு அவர் வைத்த சான்று அது. அந்தக் கிதார் இன்று பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதற்காக மரத்தை ஜடம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. மேல்பலகையில் தோரெஸும் அட்டையை வைக்கவில்லையே! வெட்டுண்ட பிறகும் இன்னொரு உயிரின் விரலுக்கு மரம் பதில் சொல்கிறது. இதை அருள் என்றே நம்புகிறேன். அருளை வேட்டையாடிப் பெறுவது எப்படி?

பக்கங்களுக்குத் தோட்டத்தில் வளர்த்த மஹோகனியே போதும் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். ரோஸ்வுட்டின் ஆழ்ந்த மந்தர ஒலி அதில் இல்லை. ஆனால் நடு ஸ்தாயி அத்தனை தெளிவு.