பேய்க்கதையும் அரசர் கதையும்

கீதை வகுப்பு முடிந்து அனைவரும் பிரசாதம் பெற்றுக்கொண்டிருந்த வேளையில், இளம் அன்பர் ஒருவர் தயங்கியபடியே தம் ஐயத்தை வெளியிட்டார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2005 முதல் 2020 வரை வெளிவந்த 'சூப்பர்நேச்சுரல்' தொடரை அவர் விரும்பிப் பார்ப்பவர். இடைக்கால இங்கிலாந்தைப் பற்றி டான் ஜோன்ஸ், இயன் மார்ட்டிமர் போன்றோர் எளிய நடையில் எழுதிய நூல்களும் அவருக்கு மிகப் பிரியமானவை. "பேயும் பிசாசும், போரும் கொலையுமாக இவற்றிலேயே மனம் இன்பம் காண்கிறதே, ஜப தியானத்திற்கு இது தடையாகாதா?" என்று கேட்டார்.

"பொழுது வீணாகிறது, விட்டுவிடுங்கள்" என்று ஒரே வரியில் கூறிவிடலாம். பலர் அப்படித்தான் கூறுவர். ஆனால் 1884 செப்டம்பர் 21 அன்று கல்கத்தாவின் ஸ்டார் அரங்கில் கிரீஷ் சந்திர கோஷின் 'சைதன்ய லீலா' நாடகத்தைக் காணச் சென்றார் ஸ்ரீராமகிருஷ்ணர், பார்த்துப் பரவசமடைந்தார். அது பக்தி நாடகம் என்பது உண்மையே. எனினும் நாடக அரங்கு என்றாலே அன்றைய பெரிய மனிதர்கள் முகம் சுளித்தனர். ஆகவே எதைப் பார்க்கிறோம் என்பதோடு, பார்க்கின்றவன் யார் என்பதும் இக்கேள்வியில் அடங்கியிருக்கிறது.

பயானகத்தையும் ரசங்களுள் ஒன்றாகவே வைத்தார் பரத முனிவர். அரங்கில் தோன்றும் அச்சம் 'என் அச்சம்' அன்று. 'நான், எனது' என்ற பிடிப்பு அங்கே தளர்வதால்தான் அச்சமும் சுவையாகிறது என்று விளக்கினார் காஷ்மீரத்து அபிநவகுப்தர். அந்தச் சுவையைப் பிரம்மானந்தத்துக்கு அண்மையில் வைத்தாரேயன்றி, அதுவே இது என்று அவர் கூறவில்லை. மேற்கூறிய தொடர் 327 பகுதிகள் கொண்டது. ஒன்று முடிந்தவுடன் மனம் அமைதி கொள்கிறதா, அடுத்ததற்குத் தவிக்கிறதா என்பதை அவரவரே கண்டுகொள்ளலாம். தவிப்பானால், அதற்கு ரசம் என்று பெயரில்லை. திருஷ்ணை என்று பெயர்.

இருப்பினும் இந்த அன்பரின் ஐயத்தில் வேறொரு முள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பேய்கள் கற்பனை, அவற்றால் எவரும் துன்புறவில்லை. வரலாற்று நூலில் வெட்டுண்டவனோ மெய்யாகவே இரத்தம் சிந்தியவன். அவனுடைய மரணத்தை நாம் எந்த உரிமையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து சுவைக்கிறோம்?

தாமஸ் பெக்கட்டின் கதையை எடுத்துக்கொள்வோம். அவர் இரண்டாம் ஹென்றியின் உற்ற நண்பர், அரசின் சான்சலர். 1162-இல் கான்டர்பரியின் பேராயரானதும் திருச்சபையின் உரிமைக்காக அரசரையே எதிர்த்து நின்றார். 1164-இல் பிரான்சுக்குத் தப்பிச் சென்று, ஆறாண்டுகள் கழித்துத் திரும்பினார். அப்போதும் பகை ஆறவில்லை. நார்மண்டியில் இருந்த ஹென்றி, சினம் மேலிட்டு அவையில் ஏதோ சொல்லிவிட்டார். கேட்டிருந்த பிரபுக்கள் நால்வர் கடல் கடந்து சென்று, 1170 டிசம்பர் 29 அன்று பேராலயத்தினுள்ளேயே பேராயரை வெட்டி வீழ்த்தினர். கொல்லுமாறு அரசர் கட்டளையிட்டதாகச் சான்றில்லை. வாயிலிருந்து புறப்பட்ட சொல்லுக்குத் தானே கால் முளைத்தது.

தொலைக்காட்சித் தொடரில் தீமை பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது. உப்பு வட்டமிட்டால் ஆவி நெருங்காது. இரும்பைக் கண்டால் விலகும். நம்முள் இருப்பதை வெளியே நிறுத்திக் காட்டுவதால் இது மனத்திற்கு ஆறுதலாக இருக்கிறது. ஆயினும் அத்தொடருக்கு அநீதி இழைக்கலாகாது. இறந்த தம்பி சாமை உயிர்ப்பிக்க, அண்ணன் டீன் தன் ஆன்மாவையே பிசாசுக்கு விற்கிறான். பதிலாக அவனுக்குக் கிடைப்பது ஓராண்டு வாழ்வு. அந்தப் பாசத்திலிருந்து மேலும் பல கேடுகள் விளைகின்றன. அன்பு எங்கே முடிந்து மோகம் எங்கே தொடங்குகிறது என்று அர்ஜுனனுக்கு எழுந்த அதே சிக்கல்தான் இது. அங்கே உப்பு உதவுவதில்லை.

ஹென்றியின் சினத்திற்கும் உப்பு வட்டம் ஏது? காமமும் குரோதமுமே பகைவர் என்று பகவான் மூன்றாம் அத்தியாயத்தில் சுட்டும்போது, அசுரர் எவரையும் அவர் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை.

1174 ஜூலையில் ஹென்றி வெறுங்காலுடன் கான்டர்பரிக்கு நடந்து சென்று, துறவியரிடம் கசையடி பெற்று, நண்பரின் சமாதியருகே இரவெல்லாம் உண்ணாமல் கிடந்தார். அப்போது சொந்தப் புதல்வர்களே அவருக்கு எதிராகக் கிளர்ந்திருந்தனர். எனவே அது மெய்யான பிராயச்சித்தமா, அரசியல் தந்திரமா என்ற கேள்வி எழுவது இயல்பே. தந்திரம் என்று கேட்டவுடன் நமக்குள் ஒரு மகிழ்ச்சி தோன்றுகிறது. எனக்கும் தோன்றியது. கொலையைப் படித்துச் சுவைத்ததைவிட இந்த மகிழ்ச்சிதான் எனக்குக் கவலையளிப்பது. பிறர் வருந்துவதை நம்ப மறுக்கும் மனம், தான் வருந்தவும் கற்பதில்லை.

அந்த அன்பரிடம் தொடரையோ நூல்களையோ நிறுத்தும்படி நான் கூறவில்லை. பெக்கட்டின் கதையைப் படிக்கையில் எவர் பக்கம் நின்றீர்கள் என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் மௌனமாக இருந்தார். "பேராயர் பக்கம்தான் ஐயா" என்று தொடங்கியவர் பாதியிலேயே நிறுத்தினார். பின்னர், அன்று காலை வீட்டில் தம் தம்பியிடம் சினத்தில் சொல்லிவிட்ட ஒரு சொல்லைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.