இளமை மணமும் பக்குவமும்

இல்லறம் என்பது ஒருவனும் ஒருத்தியும் அறிந்து மேற்கொள்ளும் நோன்பு. நோன்பின் இயல்பு விளங்காத பருவத்துச் சிறாரைப் பெற்றோர் மணவினையிற் பிணித்தல் அறமாகுமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

முன்னோர் வழக்கே இதற்குச் சான்றென்பார் உளர். கண்ணகியார்க்கு மணவினை நிகழ்ந்தபோது அகவை 12 எனச் சிலப்பதிகாரம் கூறும். திலகவதியாரைக் கலிப்பகையார்க்கு மணம் பேசியதும் அவ்வகவையளவிலே எனப் பெரியபுராணம் கூறும். அவை மெய்யே. ஆயினும், ஒருகாலத்து நிகழ்ந்ததைக் கூறுதல் வேறு; எக்காலத்தும் செய்க என விதித்தல் வேறு. திலகவதியார் வணங்கப்படுவது இளமையில் மணம் பேசப்பட்டமையால் அன்று. கலிப்பகையார் போரில் மாய்ந்தபின் உயிர்விடத் துணிந்தவர், தம்பியார் மருணீக்கியார்பொருட்டு உயிர்தாங்கித் தவத்தில் நின்றமையாலன்றோ உலகம் அவரைப் போற்றுகின்றது! அந்நிலை, தாமே தெளிந்து கொண்டது.

வறுமையும், பெண்ணைக் காத்தற்கண் உள்ள அச்சமுமே பெற்றோரை விரைவிக்கின்றன என்பாரும் உளர். அச்சம் இரங்கத்தக்கதே. எனினும், பெற்றோர் தாங்கலாற்றாத சுமையை மகவின் தோளில் ஏற்றுதல் காவலாகாது. இடுப்பெலும்பு முற்றாத சிறுமி கருவுறின் மகப்பேறு தடைப்பட்டுத் தாயுயிர்க்கே ஊறு நேர்தல் உண்டு. பிறக்கும் மகவும் எடை குறைந்து மெலிதல் உண்டு. கல்வி இடையில் அறுதலின், அவள் வறுமை அவள் மக்கட்கும் தொடர்கின்றது. ஒருவர் பிழை இரு தலைமுறையை வருத்துகின்றது.

இதனை உணர்ந்தே 1929-இல் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வரையறுத்தது; 1978-இல் அவை முறையே 18, 21 ஆயின. 2006-ஆம் ஆண்டுச் சட்டம், சிறுபருவத்தில் மணம் செய்விக்கப்பட்டார் அம்மணத்தை நீக்கிக்கொள்ளவும் வழி செய்தது. 18 அகவைக்குமுன் மணம்பெற்றோர், 20 முதல் 24 அகவையுள்ள இந்திய மகளிருள் 2005-06-இல் நூற்றுக்கு 47 பேர்; 2019-21-இல் 23 பேர். குறைந்தது மகிழ்தற்குரியது, எஞ்சியது நாணுதற்குரியது.

சட்டம் செயலைத் தடுக்கும். உள்ளத்தைத் திருத்துவது அறவுணர்வே. எல்லாம் வல்ல இறைவனும் மலபரிபாகம் எய்துமளவும் உயிரோடு உடனின்று, பக்குவம் நோக்கியே அருள் பதிக்கின்றான் என்பது சித்தாந்தத் துணிபு. திருவருளே பருவம் நோக்கி நிற்குமாயின், பெற்றோர் சில்லாண்டு பொறுத்தல் அரிதாமோ? காய் கனியுந்துணையும் காத்திருத்தலே அன்பாம்.